திறந்து வைக்கப்படாத கண்ணாடி

சைக்கிளில் பின்னால் பார்க்கும் கண்ணாடி பூட்டுவது மிக எளிய வேலை. ஆனால் எளிய வேலைகளில்தான் விளக்கிச் சொல்ல நிறைய இருக்கிறது. நம் நாட்டில் வாகனங்கள் வீதியின் இடப்பக்கமாகப் போகின்றன. சைக்கிள்காரர் இடது ஓரத்தில் போவார். அவரை முந்தும் எதுவும் வலப்பக்கத்தால்தான் முந்தும். ஆகவே கண்ணாடி வலது கைப்பிடியில் இருக்க வேண்டும். அதைத் திருப்பி வைக்கும்போது, உங்கள் வலது முழங்கை கண்ணாடியின் உள்விளிம்பில் மெல்லிய கீற்றாகத் தெரிய வேண்டும். முழங்கை முழுதாகத் தெரிந்தால் நீங்கள் உங்களையே பார்த்துக்கொண்டு போகிறீர்கள் என்று அர்த்தம். கொஞ்சமும் தெரியாவிட்டால் எவருடைய வீதியைப் பார்க்கிறீர்கள் என்று உங்களுக்கே விளங்காது.

உக்குவளை இப்திகாருக்கு அந்தக் கீற்று உயிர் விஷயமாக இருந்தது. அவர் மைத்துனரின் ஆலையில் பல வருடங்கள் மிளகாயும் மல்லியும் அரைத்தவர். அரைக்கும் இயந்திரம் அவருக்கு வலப்பக்கம் இருந்தது. முதலில் வலது காதில் ஓர் இரைச்சல் குடியேறியது. பிறகு இரைச்சலும் போய்விட்டது, காதும் போய்விட்டது. இப்போது அரைத்த தூளைப் பொதிகளாகக் கட்டி, கண்டி வீதியில் உள்ள கடைகளுக்குச் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கிறார். ஒரு சத்தம் எந்தத் திசையில் இருந்து வருகிறது என்பதை மனிதன் இரண்டு காதுகளையும் ஒப்பிட்டுத்தான் அறிகிறான். ஒரு காதுக்குச் சத்தம் கேட்கும், திசை கேட்காது. பஸ் ஹோன் அடித்தால் இப்திகாருக்கு உலகத்தில் எங்கோ ஒரு பஸ் இருக்கிறது என்பது மட்டும் தெரியும்.

சைக்கிள் திருத்தும் துஷாந்த்தான் பழைய ஸ்கூட்டர் ஒன்றில் இருந்த கண்ணாடியைக் கழற்றி அவருக்குப் பூட்டிக் கொடுத்தான். அண்ணன் முறைக்கு அவரை 'நானா' என்பான்.

"நானா, இப்ப என்ன தெரியுது?"

"ஒரு வேன் வருது. நில்லு நில்லு... ஆ, போயிருச்சு. அல்ஹம்துலில்லாஹ்! துஷாந்த், இவ்வளவு காலமும் வண்டிகள் போனதுக்குப் பொறகுதான்டா எனக்கு வந்தது தெரியும்."

வீட்டில் மனைவி நஸ்மியா கண்ணாடியைச் சுற்றிவந்து பார்த்தாள்.

"நல்லாத்தான் இரிக்கு. ஆனா வாசல்லயே கழட்டி வச்சிட்டு வாங்க. பின்னால நான் என்ன செய்றேன்னு பாக்கிற பழக்கம் வந்துடப் போவுது."

இந்த நல்ல காலம், மாவட்டத் துவிச்சக்கரவண்டி விழிப்புணர்வுச் சபை தனது 'பின்னோக்கு விழிப்புணர்வு வார'த்தை அறிவிக்கும் வரை நீடித்தது. துவிச்சக்கரவண்டி என்பதும் சைக்கிள்தான். சபையார் ஏறுவது துவிச்சக்கரவண்டி, மற்றவர்கள் ஏறுவது சைக்கிள், அவ்வளவே வித்தியாசம். மாவட்டத்தில் உள்ள எல்லாச் சைக்கிள்களிலும் பின்பார்க்கும் கண்ணாடி பூட்ட வைப்பதே சபையின் நோக்கம். அந்த நோக்கத்தோடு உக்குவளைச் சந்தியில் விசிலும் தோள்பட்டியுமாக நின்றவர் விழிப்புணர்வு உத்தியோகத்தர் நிதுஷன். காலையில் இருந்து போன எந்தச் சைக்கிளிலும் கண்ணாடி இருக்கவில்லை. அவற்றையெல்லாம் அவர் போகவிட்டார். கண்ணாடியோடு வந்த ஒரே சைக்கிளை நிறுத்தினார்.

"நானா, இது என்னது?"

"கண்ணாடி தம்பி."

"அது தெரியுது. யார் திறந்து வச்சது?"

இப்திகார் இடது காதை அவர் பக்கம் திருப்பினார். "திறக்கிறதா? இது மூடி போட்ட கண்ணாடி இல்லையே."

இந்த இடத்தில் ஒரு வழக்கத்தை விளக்க வேண்டும். நம் பக்கங்களில் ஒரு பொருள் கட்டி முடிக்கப்படுவதால் மட்டும் இருப்புக்கு வந்துவிடாது. யாராவது வந்து நாடா வெட்டி அதைத் திறந்து வைக்க வேண்டும். ஓர் ஊரில் பஸ் தரிப்பிடம் ஒன்று, வரவேண்டியவர் வரும் வரைக்கும், குறுக்கே நாடா கட்டிய நிலையில் மழைக்காலம் முழுதும் நனையாமல் நின்றது. பயணிகள் அதற்கு வெளியே நின்று நனைந்தார்கள். யாரும் அதைத் தவறாகச் சொல்லவில்லை. உள்ளே போவதற்கு அது இன்னும் தரிப்பிடம் ஆகவில்லை அல்லவா?

"நம்ம மாவட்டத்துக்குக் கண்ணாடித் திட்டத்தைச் சபைத் தவிசாளர்தான் திறந்து வைக்கப் போறார்," என்றார் நிதுஷன். "அதுக்கு முந்தி நீங்க பாத்துக்கிட்டுத் திரிஞ்சா நல்லாவா இருக்கும்? இதைச் சபைக்கு முன்மாதிரியா எடுத்துக்கிறோம்."

"சரி, எடுங்க. நான் வேற ஒண்ணு பூட்டிக்கிறேன்."

"அதுவும் திறக்காத கண்ணாடிதானே நானா. அடுத்த தடவை சைக்கிளையும் சேத்துத்தான் தூக்கிப் போகணும். எனக்கு ஆசையா? சுற்றறிக்கை."

நிதுஷன் கெட்டவர் அல்ல. கண்ணாடியைக் கழற்றும் சாவியை அவர் இப்திகாரிடமே இரவல் வாங்கினார். கழற்றியபின் நன்றி சொல்லித் திருப்பிக் கொடுத்தார்.

அடுத்த நாள் இப்திகார் பஸ் ஏறி மாத்தளையில் உள்ள சபைக் காரியாலயத்துக்குப் போனார். உள்ளே நுழைந்ததுமே தன் கண்ணாடியைக் கண்டார். அது கண்ணாடிக் கதவு போட்ட ஓர் அலுமாரிக்குள், பட்டுத்துணி மேல் படுத்திருந்தது. தமிழில் முகம் பார்ப்பதும் கண்ணாடி, மூக்கில் மாட்டுவதும் கண்ணாடி, அலுமாரிக் கதவில் இருப்பதும் கண்ணாடி. சிங்களத்திலும் ஏறக்குறைய இதே சொல்லே இந்த வேலைகளையெல்லாம் பார்க்கிறது. இரண்டு மொழிகள் ஒரு விஷயத்தில் இவ்வளவு ஒற்றுமையாக இருப்பது அபூர்வம். அந்த ஒற்றுமைக்குள் இப்திகார் மாட்டிக்கொண்டார்.

"எனக்குக் கண்ணாடி வேணும்," என்றார் கருமபீடத்தில் இருந்த அம்மாவிடம்.

"தூரப் பார்வையா, கிட்டப் பார்வையா?"

"பின் பார்வை."

அந்த அம்மா தலையை நிமிர்த்தி அவரை இரக்கத்தோடு பார்த்தார். "எத்தனை வருஷமா?"

"எது?"

"பின்னால தெரியாம இருக்கிறது."

இப்திகார் யோசித்தார். "பொறந்ததுல இருந்தே."

அவரைப் பின்னறைக்கு அனுப்பினார்கள். அங்கே விழிப்புணர்வு வாரத்தையொட்டிச் சபை அழைத்திருந்த பார்வைப் பரிசோதகர் ஒருவர் இருந்தார். சுவரில் எழுத்துகள் பெரிதில் தொடங்கிச் சிறிதில் முடியும் அட்டை தொங்கியது. இப்திகார் கடைசி வரி வரைக்கும் வாசித்தார். அட்டையை அச்சிட்ட கம்பனியின் பெயரையும் வாசித்தார். பரிசோதகருக்கு முகம் வாடிவிட்டது.

"இப்பத் திரும்பி நில்லுங்க. முதுகு அட்டையைப் பாத்து இருக்கட்டும். ஆ, இப்ப வாசிங்க."

"ஒண்ணும் தெரியல சேர்."

"மேல் எழுத்து? பெரிசு?"

"கதவுதான் தெரியுது சேர்."

பரிசோதகர் தெளிவான மனிதர். தன் முடிவை விளக்கியே சொன்னார்: "முன்பார்வையில் குறை இல்லை. ஆகவே கண்ணாடி தேவையில்லை. பின்பார்வை அறவே இல்லை. கண்ணாடி என்பது இருக்கிற பார்வையைத் திருத்துவதற்கு. இல்லாத பார்வையைத் திருத்த முடியாது. ஆகவே கண்ணாடி கொடுத்தும் பயனில்லை."

"சேர், எனக்குக் கண்ணுல பிரச்சினை இல்ல. காதுதான் கேக்காது. அதுக்குத்தான் கண்ணாடி."

"காதுக்குக் கண்ணாடியா?" பரிசோதகர் கருமபீடத்து அம்மாவைக் கூப்பிட்டார். இருவரும் இப்திகாரைத் திரும்பிப் பார்த்தபடி தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டார்கள். "காது வேற கட்டடம் ஐயா," என்றார் அம்மா கடைசியில். "ஆனா அங்கயும் கண்ணாடி குடுக்க மாட்டாங்க."

ஒரு புலன் செய்யாத வேலையை இன்னொரு புலன் செய்யலாம் என்பது மனித உடம்பின் அழகான ஏற்பாடு. ஆனால் இரண்டு புலன்களும் வேறு வேறு கட்டடங்களில் இருந்தால் அது நடக்காது.

கடைக்காரர்கள் தூளுக்குக் காத்திருந்தார்கள். இப்திகார் கண்ணாடி இல்லாமலே கிளம்பினார். கண்ணாடி இல்லாதவர் பின்னால் பார்க்க வேண்டுமானால் தலையைத் திருப்ப வேண்டும். தலை வலப்பக்கம் திரும்பும்போது தோளும் கூடவே போகும்; தோள் போனால் கை போகும்; கை போனால் முன்சக்கரம் போகும். அதாவது வலப்பக்கம் பஸ் வருகிறதா என்று பார்க்கிற மனிதன், பார்க்கிற அதே நேரத்தில் பஸ்ஸின் வழிக்குள் நுழைந்துகொண்டிருப்பான். இப்திகார் திரும்பிப் பார்த்தார். பஸ் இருந்தது. மிகப் பெரிதாக இருந்தது.

பஸ் அவரைத் தொடவில்லை. கெரியரில் இருந்த மிளகாய்த்தூள் பொதியை மட்டும் கிழித்துக்கொண்டு போனது. இப்திகார் தண்ணீர் வடியும் வீதியோரக் கானுக்குள் விழுந்தார். தூள் பஸ்ஸின் ஜன்னல்களால் உள்ளே போனது. சாரதி தும்மினார், கொண்டக்டர் தும்மினார், பயணிகள் எல்லோரும் தும்மினார்கள். பஸ் மாத்தளை வரைக்கும் தும்மிக்கொண்டே போய்ச் சேர்ந்ததாகச் சொன்னார்கள். கானுக்குள் கிடந்த இப்திகாருக்குச் சிரிப்பு வரவில்லை. சக்கரம் தன் தலைக்கு எவ்வளவு பக்கத்தால் போனது என்பதை அவர் பார்த்திருந்தார்.

நஸ்மியா அவருடைய முழங்காலுக்கு மருந்து போட்டாள். போட்டு முடித்துவிட்டு எழுந்தாள்.

"நாளைக்கு நானும் வாரேன்."

"எங்க?"

"கெரியர்ல. பின்னால பாத்து உக்காந்துக்கிட்டு."

"சனங்க சிரிப்பாங்க நஸ்மியா."

"சிரிக்கட்டும். நீங்க மௌத்தாப் போனா அழுறதுக்கு நான் மட்டும்தான் இரிக்கேன்."

தூள் பொதிகள் ஹேண்டிலில் தொங்கின. நஸ்மியா கணவனின் முதுகோடு முதுகாகக் கெரியரில் உட்கார்ந்தாள். கண்ணாடிக்கும் மனைவிக்கும் உள்ள வித்தியாசம் முதல் வளைவிலேயே தெரிந்தது. கண்ணாடியில் உங்கள் வலப்பக்கத்து வாகனம் வலப்பக்கத்திலேயே தெரியும். ஆனால் பின்னோக்கி உட்கார்ந்தவருக்கு உங்கள் வலம் இடமாகிவிடும். "இடப்பக்கம் லொறி!" என்று நஸ்மியா கத்தினாள். இப்திகார் இடப்பக்கத்தில் இருந்து தப்புவதற்காக லொறியின் பக்கமாகத் திருப்பினார். லொறிக்காரன் சொன்னது நல்ல வேளையாக அவருடைய வலது காதில் விழுந்தது.

அதன் பிறகு "சோத்துக்கைப் பக்கம்" என்று வைத்துக்கொண்டார்கள். "யாருடைய சோத்துக்கை?" என்று ஒரு சின்னச் சண்டை வந்தது. உங்களுடையதுதான் என்று முடிவானது. மற்றபடி நஸ்மியா கண்ணாடியை விடக் கூடுதலாகவே காட்டினாள்.

"உங்க சோத்துக்கைப் பக்கம் வேன். டிரைவர் போன் பேசுறான், ஓரத்துக்கு வாங்க. அதுக்குப் பின்னால பஸ், காலி பஸ், ஓடித்தான் வருவான். அந்த மோட்டார் சைக்கிள்ல போறது நம்ம றமீஸாட மருமகன்தானே? ஹெல்மட் இல்ல. அவகிட்ட சொல்லணும்."

உக்குவளைச் சந்தியில் நிதுஷன் விசில் அடித்தார்.

"ராத்தா, ஏன் இப்படித் திரும்பி உக்காந்திருக்கீங்க?"

"நான்தான் கண்ணாடி."

நிதுஷன் சுற்றறிக்கையை நினைத்துப் பார்த்தார். "நீங்க இன்னும் திறந்து..." என்று தொடங்கினார். நஸ்மியா அவரைப் பார்த்த பார்வையில் மீதியை விழுங்கிக்கொண்டார். பெயரை மட்டும் கேட்டுப் போனார்.

செய்தி சபைக்குப் போனது. தவிசாளர் ரவூப் மகிழ்ந்தார் என்று நிதுஷன் வந்து சொன்னார். கண்ணாடித் திறப்பு விழாவில் இந்தத் தம்பதியே ஊர்வலத்துக்கு முன்னால் போக வேண்டும் என்று தவிசாளர் கேட்டுக்கொண்டாராம்.

"திறந்து முடிஞ்சதும் என் கண்ணாடி கிடைக்குமா தம்பி?" என்று கேட்டார் இப்திகார்.

"திறந்துட்டா அது எல்லாருக்கும் பொதுதானே நானா. உங்களுக்கும் கிடைக்கும்."

விழாவுக்கு வீதியோரத்தில் மேடை போட்டிருந்தார்கள். மேடைக்குக் கீழே ஒரு புதிய துவிச்சக்கரவண்டி நின்றது. அதில் இப்திகாரின் பழைய கண்ணாடி, குறுக்கே சிவப்பு நாடா கட்டிப் பூட்டப்பட்டிருந்தது. குத்துவிளக்கு ஏற்றினார்கள். வெற்றிலை கொடுத்தார்கள். தவிசாளர் ரவூப் பேசினார். நல்ல குரல் அவருக்கு, நேர்மையாகவும் பேசினார்.

"இந்தச் சபை வருவதற்கு முன்னால், நமக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று இந்த மாவட்டத்தில் எவருக்கும் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. ஆனால் இன்றைக்கு அதற்கென்று ஒரு சபை இருக்கிறது! இந்தக் கண்ணாடியை நாங்கள் எங்கிருந்தோ இறக்குமதி செய்யவில்லை. உக்குவளையில் ஒரு சாதாரண மனிதரின் சைக்கிளில் இருந்தே எடுத்தோம். மக்களிடம் இருந்து எடுத்ததை மக்களுக்கே காட்டுவதுதான் எங்கள் கொள்கை. கொடுப்பது அடுத்த கட்டம்."

கை தட்டினார்கள். அவர் கெரியரில் இருந்த நஸ்மியாவைச் சுட்டிக் காட்டினார்.

"இந்தச் சகோதரியைப் பாருங்கள். கண்ணாடி விழுந்தால் உடைந்துவிடும், சபைக்கு நட்டம். இவர் விழுந்தால் சபைக்கு எந்த நட்டமும் இல்லை. இப்படியான தியாகத்தைத்தான் நாங்கள் ஒவ்வொரு குடும்பத்திடமும் எதிர்பார்க்கிறோம்."

"என்ன சொல்றாரு?" என்று கேட்டார் இப்திகார்.

"உங்களுக்கு அந்தக் காது கேக்காதது நல்லது," என்றாள் நஸ்மியா.

நாடா வெட்டப்பட்டது. தவிசாளர் மாலையும் கழுத்துமாகத் துவிச்சக்கரவண்டியில் ஏறினார். படம் பிடிப்பவர் தவிசாளரின் முகம் கண்ணாடியில் விழ வேண்டும் என்று அதைத் தன் பக்கம் திருப்பினார். கண்ணாடியின் சட்டம் இரு பக்கமும் ஒன்றே: அவர் தவிசாளரைக் கண்டால், தவிசாளரும் அவரைத்தான் காண்பார். கண்ணாடியில் வேறொருவர் இருப்பது தவிசாளருக்குப் பிடிக்கவில்லை. படம் எடுத்து முடிந்ததும் அதைத் தன்னுடைய முகம் மாலையோடு முழுதாகத் தெரியும் வரைக்கும் திருப்பிக்கொண்டார். முழங்கை தெரியும் அளவு பற்றி அவரிடம் சொல்லக்கூடிய யாரும் பக்கத்தில் இல்லை.

ஊர்வலம் கிளம்பியது. முன்னால் இப்திகாரும் நஸ்மியாவும், பின்னால் தவிசாளர், அவருக்குப் பின்னால் நடந்துவந்த சபையார். சபையாரைத் தாண்டிக்கொண்டு ஒரு பஸ் வந்தது. ஹோன் அடித்தது. தவிசாளர் அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டு ஒரு கையை உயர்த்தினார். ஒற்றைக் கையில் துவிச்சக்கரவண்டி வீதியின் நடுப்பக்கம் சாய்ந்தது. பஸ் மறுபடி ஹோன் அடித்தது. அவர் மறுபடி கையசைத்தார்.

"சேர்! பின்னால பஸ்! பின்னால பாருங்க!" என்று நஸ்மியா கத்தினாள்.

தவிசாளர் பயிற்சி பெற்றவர். உடனே கண்ணாடியைப் பார்த்தார். அங்கே பஸ் இல்லை. அவர்தான் இருந்தார், நலமாக இருந்தார். நிம்மதியோடு தொடர்ந்து மிதித்தார்.

பஸ் ஒடித்துத் திரும்பியது. தவிசாளர் கானுக்குள் போனார். மாலை அவருக்குப் பிறகு போனது. கண்ணாடிக்கு ஒரு கீறலும் இல்லை.

விசாரணைக் குழு நியமிக்கப்பட்டது. அது நியாயமாகவே யோசித்தது. கண்ணாடி இல்லாத காலத்தில் சபையின் தவிசாளர் எவரும் கானுக்குள் விழுந்ததில்லை. கண்ணாடி பூட்டிய முதல் நாளே ஒருவர் விழுந்துவிட்டார். ஆகவே ஆபத்து கண்ணாடியில்தான் இருக்கிறது. சபை 'கண்ணாடி ஒழிப்பு வார'த்தை அறிவித்தது. மக்கள் தங்கள் சைக்கிள்களில் உள்ள கண்ணாடிகளைத் தாமாக முன்வந்து தவிசாளரிடம் ஒப்படைக்க வேண்டும். அதிலே ஒரு சிறிய சிக்கல் இருந்தது. மாவட்டத்தில் சைக்கிளில் பூட்டப்பட்ட கண்ணாடி அது ஒன்றுதான். அதுவும் சபையிடம்தான் இருந்தது.

நிதுஷன் கண்ணாடியைப் பட்டுத்துணியில் சுற்றிக்கொண்டு இப்திகாரின் வீட்டுக்கு வந்தார்.

"நானா, இதை இப்ப உங்க சைக்கிள்ல பூட்டிக்கங்க. நாளைக்கு மேடைக்கு வந்து தவிசாளர் கையில குடுத்துடணும்."

"இப்ப உங்க கையிலதானே இரிக்கு. நீங்களே குடுத்துடலாமே?"

"நான் குடுத்தா அது ஒப்படைக்கிறதா நானா? உங்ககிட்ட இருந்தாத்தானே நீங்க ஒப்படைக்கலாம். அதுவும் விரும்பிக் குடுக்கணும்."

"எனக்கு விருப்பம் இல்லையே தம்பி."

"விருப்பம் தவிசாளர்ட உரையில இருக்கு. நீங்க வந்தா மட்டும் போதும்."

அடுத்த நாள் காலையில் துஷாந்த் வந்து கண்ணாடியை வலது கைப்பிடியில் இறுக்கி, முழங்கை கீற்றாகத் தெரியும்படி வைத்துக் கொடுத்தான். நஸ்மியா கெரியரில் ஏறினாள், முன்னால் பார்த்து.

"இப்படி உக்காந்தா உங்க முதுகு மட்டும்தான் தெரியுது," என்றாள். "மத்தப் பக்கம்தான் காட்சி நல்லம்."

கண்டி வீதியில் மாத்தளையை நோக்கிப் போனார்கள். மேடை தெரிந்தது. கொடிகள் தெரிந்தன. கையில் கட்டுப் போட்ட தவிசாளர், மற்றக் கையை வாங்கிக்கொள்ளத் தயாராக நீட்டியபடி நின்றார். முன்வரிசையில் நிதுஷன் மாலையோடு நின்றார். இப்திகார் பிரேக்கில் விரலை வைத்தார்.

அப்போது கண்ணாடிக்குள் ஒரு லொறி வந்தது. மரம் ஏற்றிய லொறி. ஹோன் அடித்ததோ இல்லையோ, இப்திகாருக்குத் தெரியாது. தலையைத் திருப்பாமல், தோளை அசைக்காமல், கொஞ்சம் ஓரத்துக்கு ஒதுங்கினார். லொறி அவர்களைத் தாண்டிப் போனது. அதன் காற்று நஸ்மியாவின் முக்காட்டை ஒருமுறை தூக்கி இறக்கியது.

இப்திகார் பிரேக்கில் இருந்து விரலை எடுத்தார். மேடை வந்தது. மேடை போனது.

"நிக்கலையா?" என்றாள் நஸ்மியா.

"யட்டவத்தைக் கடையில தூள் கேட்டிருக்காங்க."

"விசில் அடிக்கிறாங்க."

"எந்தப் பக்கம்?"

"உங்க சோத்துக்கைப் பக்கம்."

"அப்ப எனக்குக் கேக்காது."

கொஞ்ச தூரம் போனார்கள். "திரும்பிப் பாக்கவா?" என்று கேட்டாள்.

"வேணாம். எல்லாம் தெரியுது."

எல்லாமே தெரிந்தது. நீட்டிய கையோடு தவிசாளர், வீதிக்கு இறங்கி மாலையை ஆட்டிக்கொண்டு ஓடிவரும் நிதுஷன், மேடை, கொடிகள், அத்தனையும் உள்ளங்கை அளவு வட்டத்துக்குள் வெகு தூரத்தில் சின்னச் சின்னதாய் அசைந்துகொண்டிருந்தன. ஸ்கூட்டர் கண்ணாடிகள் சற்று வெளியே புடைத்திருக்கும். அகலமான இடத்தைச் சிறிய வட்டத்துக்குள் காட்டுவதற்காக அப்படிச் செய்கிறார்கள். அதனால், பின்னால் வருகிற எதுவும் உண்மையில் இருப்பதை விடத் தூரத்தில் இருப்பது போலவே தெரியும். துஷாந்த் இதைப் பூட்டும்போதே சொல்லியிருந்தான்.

இப்திகார் இன்னும் கொஞ்சம் வேகமாக மிதித்தார்.